பூன் லேயில் இறங்கி 179 பிடியுங்கள்: சிங்கப்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊரிலிருந்து யாராவது போன் செய்வார்கள். அத்தையின் பக்கத்து வீட்டுப் பையன், அப்பாவுடன் வேலை பார்த்தவரின் பெண், இப்படி. சிங்கப்பூரில் இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்ட்டில் வகுப்பு. முதல் கேள்வி ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு ஆகும்ணே?" நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "விடுதி கிடைச்சுதா?"

இங்கே மாணவர் ஒருவரின் மாதச் செலவை அவருடைய அறை தீர்மானித்துவிடுகிறது. டீயைக் குறைத்து, பேருந்துக்குப் பதில் நடந்து, மாதம் முப்பது நாற்பது வெள்ளி மிச்சம் பிடிக்கலாம் (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்). அறை விஷயத்தில் ஒரு தேதியைத் தவறவிட்டால் மாதம் ஐந்நூறு வெள்ளி கூடப் போய்விடும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அறையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் இருக்கும்.

நான் படித்தது தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கென்ட் ரிட்ஜில் இருக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. கிளம்புவதற்கு முன்

பல்கலைக்கழகம் இடம் கொடுத்தபின் மாணவர் அனுமதிக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும். அதை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். கூடவே சிங்கப்பூர் வருகை அட்டை என்று ஒன்று உண்டு. தரையிறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டியது. இது இலவசம். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், அங்கே போய்விடாதீர்கள். இங்கே வந்து மருத்துவப் பரிசோதனை முடித்துப் பதிவு செய்தபின் அனுமதி முழுமையாகும். இப்போது பிளாஸ்டிக் அட்டை தருவதில்லை, எல்லாம் மின்னிலக்க வடிவில்தான்.

இளநிலைப் படிப்புக்கு வருகிறவர்கள் ஊரிலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் கல்வி அமைச்சின் கட்டண மானியம். அதை வாங்கினால் கல்விக் கட்டணம் பெரிய அளவில் குறையும். பதிலுக்குப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட வேண்டும், உத்தரவாதக் கையெழுத்தும் தேவை. வேலை செய்ய விருப்பம் இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. நான்கு வருடம் கழித்து அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகலாம் என்று மனத்தில் வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், பெட்டி. அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். கேலி இல்லை. கசகசா இங்கே தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி எல்லாம் தாராளமாக வரலாம். ஆனால் அவை எல்லாமே இங்கே கிடைக்கும் என்பதால் பத்துக் கிலோ சுமக்கத் தேவையில்லை. இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். ஹான்ஸ், குட்கா மாதிரி மெல்லும் புகையிலை சட்டவிரோதம். சிகரெட்டுக்கு ஒரு குச்சி கூட வரிவிலக்கு கிடையாது. மின்சிகரெட்டைக் கையில் வைத்திருந்தாலே குற்றம், மாணவர் அனுமதிக்கே ஆபத்து. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும்.

சதுரமான மூன்று முள் பிளக்தான் இங்கே. நம் உருண்டை முள் பிளக்குக்கு ஒரு மாற்றி தேவை, அதை இங்கேயே இரண்டு மூன்று வெள்ளிக்கு வாங்கலாம். ஒரு கனமான சட்டையோ ஸ்வெட்டரோ கண்டிப்பாக வேண்டும். வெளியே முப்பத்திரண்டு டிகிரி வெயில், விரிவுரை அரங்குக்குள் ஊட்டி. முதல் வாரம் கை மடித்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் புதுசு என்று தூரத்திலிருந்தே தெரியும்.

2. அறை

வளாக விடுதி கிடைக்குமானால் யோசிக்காமல் எடுங்கள். நன்யாங்கில் இரண்டு பேர் தங்கும் அறைக்குத் தலைக்கு மாதம் சுமார் 300 முதல் 450 வெள்ளி, தனி அறை அதைவிட நூறு, நூற்றைம்பது அதிகம். கட்டடம் புதிதா பழசா, குளிரூட்டி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். தேசியப் பல்கலைக்கழகத்தின் சில விடுதிகளில் காலை, இரவுச் சாப்பாட்டுத் திட்டமும் கட்டாயமாகச் சேர்ந்து வரும். அங்கே வாடகை அதிகமாகத் தெரிந்தால் சாப்பாட்டைக் கழித்துப் பார்த்து ஒப்பிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்தத் திட்டத்தில் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

குளிரூட்டிக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே பணம் போட வேண்டும். போன் ரீசார்ஜ் மாதிரி. அறைத்தோழன் இரவெல்லாம் பதினெட்டு டிகிரியில் ஓட விடுகிறவன் என்றால் முதல் வாரமே பேசிவிடுங்கள். மின்விசிறி இருக்கும் அறையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும்.

முதல் வருடம் விடுதி கிடைப்பது ஓரளவு எளிது. அதற்குப் பிறகுதான் சிக்கல். அடுத்த வருடமும் அறை வேண்டும் என்றால் விடுதி நடவடிக்கைகளில் பங்கெடுத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். விளையாட்டு, நடனம், விழாக் குழு, ஏதாவது ஒன்று. நம் பிள்ளைகள் பலர் முதல் வருடம் "படிக்கத்தானே வந்தோம்" என்று அறையை விட்டு வெளியே வராமல் இருந்துவிட்டு, இரண்டாம் வருடம் அறை இல்லாமல் அலைவார்கள். நானும் அப்படி அலைந்தவன்தான். கேரம் விளையாடத் தெரிந்தால்கூடப் போதும், போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

விண்ணப்பத் தேதி இன்னொரு கண்ணி. இட ஒப்புதல் வந்ததும் விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. மின்னஞ்சலை மூன்று நாள் பார்க்காமல் இருந்ததால் விடுதி போனவர்களை எனக்குத் தெரியும்.

சரி, விடுதி இல்லை. வெளியேதான். அப்போது வீவக வீட்டில் ஓர் அறை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளைத்தான் இங்கே எல்லாரும் வீவக என்கிறார்கள், நாட்டில் பெரும்பாலோர் வாழ்வது அவற்றில்தான். அறைக்குச் சுமார் 800 முதல் 1,200 வெள்ளி. கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடியில் இன்னும் மேலே. ஜூரோங் வெஸ்ட், பூன் லே, பயனியர் பக்கம் நன்யாங் மாணவர்களுக்கு வசதி. கென்ட் ரிட்ஜுக்குப் போகிறவர்கள் கிளமெண்டி, டோவர் பக்கம் தேடலாம்.

தேடும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில. வீவக அறையை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக விடக் கூடாது. யாராவது ஒரு மாதத்துக்குத் தருகிறேன் என்றால் அது விதிமீறல், சிக்கல் வந்தால் தெருவில் நிற்பது நீங்கள். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். முகவர் வந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டுச் சொத்து முகவர் மன்றத்தின் தளத்தில் சரிபாருங்கள். வீட்டை நேரில் பார்க்காமல், "சாவி கூரியரில் வரும், பணத்தை அனுப்புங்கள்" என்பவருக்கு ஒரு காசு அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு, வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி, ஒரு வருடம் என்றால் 43 வெள்ளி வரும். சின்னத் தொகைதான், ஆனால் இதைக் கட்டிய ரசீது இருந்தால்தான் தகராறு என்று வரும்போது ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துப் பேச முடியும்.

அடுத்தது, நம் ஆட்களுக்கென்றே இருக்கும் கேள்வி: சமைக்கலாமா? விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருப்பார்கள். அதன் பொருள் வீட்டுக்கு வீடு வேறு. என் முதல் வீட்டுக்கார அம்மா அகராதியில் அது நூடுல்ஸ் வேக வைப்பது, முட்டை அவிப்பது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தேன். அவர் இருமிக்கொண்டே வந்து எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வாட்ஸ்அப்பில் அடுப்பைத் துடைப்பது பற்றி நீளமான செய்தி. அதிலிருந்து வீடு பார்க்கப் போனால் "நான் தாளிப்பேன், எண்ணெய் சுடும் வாசம் வரும், பரவாயில்லையா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். சிலர் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள். சிலர் போனில் பெயரைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்பார்கள். அதுவும் நடக்கும். அடுத்த எண்ணுக்கு அடியுங்கள்.

முன்பணம் திரும்பி வருமா என்பது நீங்கள் குடிபோகும் நாளில் முடிவாகிறது. சுவரில் கறை, மெத்தையில் கிழிசல், ஜன்னல் திரை, குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு ஒரு முறை 200 வெள்ளி பிடித்துக்கொண்டார்கள், நான் வருவதற்கு முன்பே உடைந்திருந்த திரைக்கு. படம் இல்லை, பேச வழியில்லை. குளிரூட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் வைத்துச் சுத்தம் செய்வது யார் செலவு, தண்ணீர், மின்சாரக் கட்டணத்தில் உங்கள் பங்குக்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

3. முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை

விமான நிலையத்திலிருந்து டாக்சி வேண்டாம். பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் மட்டும் கிராப் செயலியில் வண்டி எடுங்கள். சாங்கியிலிருந்து ரயில், தானா மேராவில் மாறினால் அதே கிழக்கு-மேற்குப் பாதை நேராகப் பூன் லேக்குக் கொண்டுவந்து விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தூங்கிவிடாதீர்கள். பூன் லே பேருந்து முனையத்தில் 179 பிடித்தால் அது வளாகத்தைச் சுற்றி வரும், 199ம் உள்ளே போகும். கென்ட் ரிட்ஜ் போகிறவர்கள் புவன விஸ்தாவில் வட்டப் பாதைக்கு மாறவும். வளாகத்துக்குள் ஓடும் பேருந்துகள் இரண்டு இடத்திலும் இலவசம். நன்யாங் வளாகத்துக்கே ரயில் வரும்படி ஜூரோங் வட்டார ரயில் பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை 179க்கு வரிசையில் நிற்பதும் கல்வியின் ஒரு பகுதி.

பேருந்திலும் ரயிலிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் பயண அட்டையைத் தட்ட வேண்டும். பேருந்தில் இறங்கும்போது மறந்தால் முழுத்தூரக் கட்டணமும் போய்விடும். இளநிலை முழுநேர மாணவர்களுக்குச் சலுகை அட்டை உண்டு, பல்கலைக்கழகம் சொல்லும் வழியில் உடனே விண்ணப்பியுங்கள். முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு அது கிடையாது, பெரியவர் கட்டணம்தான்.

சிம் அட்டைக்கு மாதம் பத்து, பன்னிரண்டு வெள்ளிக்கே போதுமான டேட்டாவோடு திட்டங்கள் இருக்கின்றன. போனுக்குத் தவணை கட்டும் இரண்டு வருடத் திட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வளாகம் முழுக்க வைஃபை இருக்கிறது.

வங்கிக் கணக்கு திறக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அதற்குக் கீழே போனால் மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள்? மாணவர், இளையர் கணக்குகளில் அந்தப் பிடித்தம் இல்லாதவை உண்டு. கணக்கு வந்ததும் பேநவ் பதிவு செய்துவிடுங்கள். நம் ஊர் ஜிபே மாதிரி, போன் எண்ணுக்குப் பணம் போகும். சாப்பாட்டுப் பணத்தைப் பிரிப்பதிலிருந்து பழைய புத்தகம் வாங்குவது வரை எல்லாம் அதில்தான். கணக்கு திறக்கும்வரை ஓட்ட 300, 400 வெள்ளி ரொக்கம் கையில் இருக்கட்டும்.

4. சாப்பாடு

இங்கே காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுவது' என்பார்கள். உள்ளூர்த் தமிழ் நண்பர் காலையில் பார்த்ததும் "பசியாறிட்டியா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று முழிக்காதீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போன சொல். ஊருக்குப் போய் அதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

வளாக உணவகங்களில் கோசோங் புரோட்டா ஒன்று ஒன்றரை வெள்ளிக்குள். கோசோங் என்றால் உள்ளே எதுவும் வைக்காதது. இரண்டு புரோட்டாவும் ஒரு தேயும் (டீதான்) என்றால் காலை நான்கு வெள்ளிக்கு முன்னே முடிந்துவிடும். மதியத்துக்குச் சீனர் கடையில் சோறும் மூன்று பதார்த்தமும் எடுத்தால் நான்கு, ஐந்து வெள்ளி. கண்ணாடிக்குப் பின்னால் இருபது தட்டுகள் இருக்கும், விரலால் காட்ட வேண்டியதுதான். காய்கறி இரண்டு, முட்டை ஒன்று என்று எடுத்தால் விலை தரையில் இருக்கும். மீன் பக்கம் விரல் போனால் எகிறும். சிக்கன் ரைஸும் அதே விலைதான்.

தே, கோப்பி மொழி தனி. சும்மா 'தே' என்றால் டின்பால் கலந்து இனிப்பாக வரும். 'தே-ஓ' கட்டஞ்சாயா, சர்க்கரை உண்டு. 'தே-சி' இனிப்பில்லாத டின்பால், சர்க்கரை. பின்னால் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை இல்லை, 'சியூ தாய்' என்றால் கொஞ்சம் குறைவு. இந்தியக் கடையில் 'தே தாரிக்' கேட்டால் நுரை பொங்க ஆற்றித் தருவார்கள். கடைக்கார அண்ணன் "தம்பி, சாப்பிடவா, தபாவா?" என்பார். தபாவ் என்றால் பொட்டலம். பொட்டலத்துக்குப் பல இடங்களில் முப்பது காசு கூட. மாதம் முழுக்கத் தபாவ் வாங்கினால் ஒன்பது வெள்ளி, ஒரு டப்பா வாங்கிவிடலாம்.

சைவக்காரர்கள் கவனிக்க. சீனர் கடையில் காய்கறி என்று இருப்பதில் காய்ந்த இறாலோ சிப்பிச் சாறோ இருக்கலாம். மலாய்க் கடைச் சம்பலில் பெலாச்சான் இருக்கும், அதுவும் இறால்தான். "வெஜிடேரியன்?" என்று கேட்டால் சிலர் "காய்தானே" என்ற நல்லெண்ணத்தில் தலையாட்டிவிடுவார்கள். "நோ மீட், நோ ஃபிஷ், நோ ப்ரான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சீனப் பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகள் பல உணவங்காடிகளில் உண்டு. அங்கே பயமின்றிச் சாப்பிடலாம். கோழி மாதிரியே செய்து வைத்திருக்கும் சோயாவைப் பார்த்து முதல் நாள் திரும்பி வந்துவிட்டேன், அப்புறம் அதற்கே அடிமை.

உணவங்காடியில் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ இடம் பிடித்து வைத்தது. எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துப்போய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம் வரை போகும். வெளியே உணவகத்தில், மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே ஏறும். இருபது வெள்ளிச் சாப்பாட்டுக்கு இருபத்து நான்கு எடுத்து வையுங்கள். பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டால் முதலில் அந்தக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

விடுதி அறைக்குள் சமையல் கூடாது, அரிசி வேகும் குக்கர்கூட வைக்க விடமாட்டார்கள். மாடிக்கு ஒன்றாகவோ கட்டடத்துக்கு ஒன்றாகவோ இருக்கும் பொதுச் சமையலறையில் செய்துகொள்ளலாம். ஞாயிறு ஒரு பெரிய பாத்திரம் சாம்பார் வைத்து மூன்று நாள் ஓட்டுவது சாத்தியம்தான், ஆனால் பொதுக் குளிர்பெட்டியில் வைக்கும் டப்பாவில் பெயர் எழுதுங்கள். எழுதினாலும் சில சமயம் காணாமல் போகும். பரீட்சை வாரத்தில் யாருக்கும் தர்மம் இருக்காது.

வாங்குவதற்கு: அரிசி, முட்டை, பால், ரொட்டிக்குச் செங் சியோங், ஃபேர்பிரைஸ் பேரங்காடிகள் போதும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி மாவு, சின்ன வெங்காயம் என்றால் தேக்கா. லிட்டில் இந்தியா என்று நிலையத்தில் எழுதியிருக்கும், நம்மவர்கள் சொல்வது தேக்கா. பூன் லேயிலிருந்து ஊட்ரம் பார்க்கில் மாறி லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாதம் இரண்டு முறை போதும். ஞாயிறு மாலையைத் தவிருங்கள். தீவில் கட்டுமான வேலை பார்க்கும் நம் அண்ணன்மாருக்கு அது ஒன்றுதான் விடுமுறை, நடைபாதையில் நிற்க இடம் இருக்காது. அவர்களோடு நின்று பேசினால் உங்கள் செலவுப் புலம்பல் கொஞ்சம் அடங்கும், அது வேறு. சையது ஆல்வி ரோட்டில் இருக்கும் முஸ்தபாவில் ஊசி முதல் பெட்டி வரை எல்லாம் கிடைக்கும், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பட்டியல் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

5. ரூபாய்க் கணக்கு

ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல். முதல் மாதம் எல்லாரும் எல்லாவற்றையும் பெருக்குவார்கள். ஒரு டீ நூறு ரூபாயா! என் அறைத்தோழன் ஒருவன் அந்தக் கணக்கில் காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டான். நவம்பரில் வயிற்றுப்புண் வந்து மருந்துக்கு அதைவிடச் செலவழித்தான். அன்றாடச் சாப்பாட்டைப் பெருக்காதீர்கள். போன், காலணி, விமானச் சீட்டு, அறை இவற்றை மட்டும் பெருக்கிப் பாருங்கள், அங்கேதான் அது உதவும்.

விடுதியில் இருக்கும் ஒருவருக்கு நான் போட்டுக் கொடுக்கும் தோராயக் கணக்கு: அறை 400, சாப்பாடு நாளுக்கு 12 வீதம் 360, குளிரூட்டியும் துணி துவைப்பும் 35, போன் 12, பயணம் 40, மற்றவை 100. மொத்தம் 947. ஆயிரத்தை வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம். வெளியே அறை எடுத்தவருக்கு அறையே 950, பயணம் 90, மின்சாரப் பங்கு 50 அல்லது 60. எல்லாம் சேர்த்து 1,550க்குக் குறைவாக முடியாது. முதல் மாதம் மட்டும் முன்பணம், தலையணை, போர்வை, வாளி என்று தனியாக ஓடும், அதை மாதக் கணக்கில் சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

பாடப் புத்தகத்துக்கு நான் ஒன்றும் எழுதவில்லை, பார்த்தீர்களா? நூலகத்தில் இருக்கும், மூத்த மாணவரிடம் இருக்கும். முதல் வாரமே கடையில் போய் வாங்குவது அவசரம்.

6. படிப்பும் பகுதிநேர வேலையும்

ஆகஸ்ட்டில் தொடங்கும் பருவத்தின் நடுவே ஒரு வாரம் இடைவேளை வரும். சுற்றுலா வாரம் என்று நினைத்து மலேசியாவுக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்வார்கள், பல பாடங்களில் அதற்கு அடுத்த வாரமே தேர்வும் ஒப்படைப்பும் நிற்கும். பல பாடங்களில் மதிப்பெண் வகுப்பின் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் தரமாக மாறும். பள்ளியில் எப்போதும் முதலிடம் வந்தவர்களுக்கு முதல் பருவம் ஓர் அடி விழும், அது எல்லாருக்கும் விழுவதுதான். முதல் வருடப் பாடங்கள் சிலவற்றின் தரத்தைச் சராசரியில் சேர்க்காமல் தேர்ச்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி இரண்டு பல்கலைக்கழகத்திலும் உண்டு. எத்தனை பாடத்துக்கு, எப்போது கேட்க வேண்டும் என்று துறை அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

இந்தப் பல்கலைக்கழகங்களின் முழுநேர மாணவர்கள் தனி வேலை அனுமதி இல்லாமல், பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. மனிதவள அமைச்சின் விதி இது. நூலகம், ஆய்வகம், நிகழ்ச்சி உதவி என்று வளாகத்திலேயே இருக்கும் வேலைகளை முதலில் பாருங்கள். இரண்டு பேருந்து மாறிப் போய் உணவகத்தில் நிற்பதைவிட இவை வசதி. கடைக்காரர் "பதினாறெல்லாம் யார் எண்ணப் போகிறார்கள், கையில் ரொக்கமாகத் தருகிறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாட்டினால் அவருக்கு அபராதம், உங்களுக்கு ஊருக்குச் சீட்டு. முதல் பருவம் மட்டும் வேலைக்கே போகாமல் இருக்க முடிந்தால் இருங்கள்.

7. உடம்பும் மனசும்

காய்ச்சல் என்றால் வளாக மருத்துவ நிலையம். மாணவர் காப்புறுதியைப் பல்கலைக்கழகமே எடுத்திருக்கும். எதற்கு எவ்வளவு என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே படித்து வையுங்கள். தேர்வு நாளில் உடம்பு முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழ் கட்டாயம், இங்கே எல்லாரும் 'எம்சி' என்பார்கள். அது இல்லாமல் "சார், காய்ச்சல்" என்று எழுதும் மின்னஞ்சலுக்கு மதிப்பில்லை. ஆம்புலன்சுக்கு 995, காவல்துறைக்கு 999.

தனிமை பெரும்பாலும் ஆறாவது ஏழாவது வாரத்தில் வரும். வீட்டில் நவராத்திரி, தீபாவளிக்குத் துணி எடுத்த படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும் சமயம். ஆலோசனை நிலையம் வளாகத்திலேயே இருக்கிறது. போனால் பைத்தியம் என்று யாரும் நினைப்பதில்லை. உள்ளூர்ப் பையன்கள் சர்வசாதாரணமாகப் போகிறார்கள்.

இரண்டு பல்கலைக்கழகத்திலும் தமிழ் மாணவர் அமைப்புகள் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரலில் நாடு முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கும்போது அவர்கள் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், போய் நாற்காலி எடுத்துப் போட்டால்கூட நண்பர்கள் கிடைப்பார்கள். உள்ளூர்த் தமிழருக்கும் 'ஊர்க்காரர்' என்று அவர்கள் அழைக்கும் நமக்கும் நடுவே முதலில் ஒரு தயக்கம் இருக்கும். அவர்கள் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்கள், நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வோம். நம் வேகமான தமிழ் புரியாமல்தான் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. மெதுவாகப் பேசுங்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழி. ரயில் நிலையப் பலகையிலும் அறிவிப்பிலும் இருக்கிறது, 1935 முதல் வரும் தமிழ் முரசு நாளிதழ் இருக்கிறது, ஒலி 96.8 வானொலி இருக்கிறது.

காசில்லாமல் பொழுது போக்க நன்யாங்கில் யுனான் தோட்டமும் ஏரியும் போதும். ரிக்‌ஷா இழுத்தவர்கள் வரை காசு போட்டு 1955இல் எழுப்பிய பழைய நன்யாங் பல்கலைக்கழகம் இருந்த நிலம் அது. அதன் நிர்வாகக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கலை, வடிவமைப்புப் பள்ளியின் கூரை முழுக்கப் புல், சாயங்காலம் அதன் மேல் போய் உட்காரலாம். டிம்சம் என்ற சீனப் பலகாரம் அவிக்கும் கூடைகளை அடுக்கியது போல் இருப்பதுதான் தி ஹைவ் கட்டடம், குழு வேலைக்கு இடம் தேடி எல்லாரும் கடைசியில் அங்கேதான் வருவார்கள். வெளியே பீர் குடிக்கிறவர்களுக்கு: இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, தேக்கா வட்டாரத்தில் வார இறுதிக் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

8. மே மாதம்

இரண்டாம் பருவத் தேர்வு முடிந்ததும் விடுதியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். விடுமுறையிலும் தங்க வேண்டுமானால் அதற்குத் தனி விண்ணப்பம், அதற்கும் தேதி உண்டு. அந்த வாரம் படிப்பு முடித்துப் போகிறவர்கள் மின்விசிறி, மேசை விளக்கு, சைக்கிள், பாத்திரம், ஏன் இஸ்திரிப் பெட்டி வரை பாதி விலைக்கும் சும்மாவும் தந்துவிட்டுப் போவார்கள். விடுதி டெலிகிராம் குழுவில் கண் வைத்திருங்கள். நான் நான்கு வருடம் பயன்படுத்திய மின்விசிறி அப்படி வந்ததுதான், போகும்போது கும்பகோணத்துப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் கேட்டேன், இன்னும் ஓடுகிறதாம், சத்தம்தான் கொஞ்சம் அதிகமாம்.